அடியில் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை

(சார்செல்லில் இருந்து நேரலையாக ஆற்றிய உரையின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)

 

ஓர் இலக்கியக் கூட்டத்தில் பற்றீரியாவைப் பற்றிக் கதைக்க வேண்டுமா என்று நிகழ்ச்சிக்கு முன்னர் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். நான் பற்றீரியாவைப் பற்றி மட்டும் பேச வரவில்லை. ஒரு நம்பிக்கையின் வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். கடலின் அடியில் ஒன்றுமில்லை, அங்கே போனது போனதுதான், மேலே இருக்கும் எங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அந்த நம்பிக்கை. அது பல தடவை பொய்யாகியிருக்கிறது. அது பொய்யான கதையில் பெரும் பங்கு, நாங்கள் வாழும் இந்தப் பரிஸ் நகரத்தில் நடந்தது.

ஜூல் வேர்னில் இருந்து தொடங்குகிறேன். ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ நாவல் 1869, 1870ஆம் ஆண்டுகளில் பரிஸ் சஞ்சிகை ஒன்றில் தொடராக வந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் கப்டன் நெமோவின் நீர்மூழ்கி எங்கள் மன்னார்க் கடலுக்கு வருகிறது. ஒரு முத்துக்குளிப்பாளரைச் சுறாவிடம் இருந்து நெமோ காப்பாற்றுகிறார். அங்கே அவர் பார்ப்பது ஆழ்கடல் அல்ல. முத்துச் சலாபம் நடந்த இடங்கள், மனிதர் மூச்சடக்கி இறங்கிவரக்கூடிய பத்து இருபது மீற்றர் ஆழங்கள். பாக்கு நீரிணை இன்னும் ஆழம் குறைந்தது. எங்கள் பாட்டன்மார் அறிந்த கடலடி அதுதான். சங்கும் அட்டையும் பாசியும் நிறைந்தது; வெளிச்சம் எட்டுவது. அதற்கப்பால் கண்டமேடை முடிகிற இடத்தில் நிலம் சரிந்து ஆயிரக்கணக்கான மீற்றர் கீழே போகிறது. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியே அப்படியொரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை எங்கள் ஆட்களும் அறியவில்லை, வேர்னின் காலத்து அறிஞர்களும் சரியாக அறியவில்லை.

அறியாத இடத்தில் அவர்கள் ஒரு கணக்கைப் போட்டார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரித்தானிய இயற்கையியலாளர் 1841, 1842இல் ஏஜியன் கடலில் வலை இழுத்துப் பார்த்தார். ஆழம் கூடக் கூட உயிர்கள் குறைந்து வந்தன. அந்தக் கோட்டை அப்படியே கீழே நீட்டி, ஏறத்தாழ 300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீற்றருக்குக் கீழே, உயிர் இராது என்று 1843இல் முடிவு சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அங்கே வெளிச்சம் இல்லை, தாங்கமுடியாத அமுக்கம், கடுங்குளிர். உயிர் எப்படி இருக்கும்?

அந்தக் கணக்குக்குப் பலத்த அடி கொடுத்தது ஒரு தந்திக் கம்பி. சார்தீனியத் தீவையும் அல்ஜீரியாவையும் இணைத்துக் கடலடியில் போட்டிருந்த கம்பி பழுதாகி, 1860இல் மேலே இழுக்கப்பட்டது. அதன் துண்டுகள் பரிசுக்கு வந்தன. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அல்போன்ஸ் மில்ன்-எத்வார்ஸ் அவற்றைச் சோதித்தார். 2000 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடந்த கம்பியில் பவளங்களும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்திருந்தன. வலையில் வந்தது வழியில் மாட்டியிருக்கலாம் என்று வாதாடலாம். கம்பியோடு ஒட்டி வளர்ந்ததை அப்படிச் சொல்ல முடியாது. 1861இல் அவர் அதை வெளியிட்டார்.

அடியில் உயிர் இருக்கிறது. சரி, அது எதைச் சாப்பிடுகிறது? வெளிச்சம் இல்லாத இடத்தில் பாசி வளராது. பாசி இல்லாவிட்டால் அதைத் தின்பது இல்லை. அதைத் தின்பதைத் தின்பதும் இல்லை. இந்தக் கேள்விக்கு வந்த ஒரு பதில் அறிவியல் வரலாற்றின் பெரிய வேடிக்கைகளில் ஒன்று. 1857இல் அத்திலாந்திக்கின் அடியில் இருந்து எடுத்து மதுசாரத்தில் போட்டுவைத்த சேற்றை, 1868இல் தோமஸ் ஹக்ஸ்லி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அதில் சளிபோன்ற ஒரு பொருள் தெரிந்தது. இது உயிருள்ள கூழ் என்று முடிவுகட்டி, ‘பதீபியஸ்’ என்று பெயரும் வைத்தார். கடலடி முழுவதும் இந்த உயிர்க்கூழ் ஒரு விரிப்பைப்போலப் பரந்து கிடக்கிறது, மற்றவையெல்லாம் இதைத் தின்று வாழ்கின்றன என்ற எண்ணம் பரவியது. உயிரின் தொடக்கமே இதுதான் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். மேலே இருக்கும் கடலின் தயவு இல்லாமலே அடிக்கடலுக்குச் சாப்பாடு கிடைத்துவிட்டது!

1872இல் புறப்பட்ட ‘சலஞ்சர்’ கப்பல் மூன்றரை ஆண்டுகள் உலகக் கடல்களைச் சுற்றியது. எத்தனை தடவை சேறு எடுத்தாலும் உயிர்க்கூழைக் காணோம். மதுசாரம் ஊற்றி வைத்த போத்தல்களில் மட்டும் அது தெரிந்தது. கப்பலின் இரசாயனவியலாளர் ஜோன் புக்கானன் காரணத்தைக் கண்டுபிடித்தார். கடல்நீரில் மதுசாரத்தைச் சேர்த்தால் கல்சியம் சல்பேற்று வீழ்படிவாகும். அதுதான் அந்தச் சளி. உயிரல்ல, சுண்ணாம்பு இனத்து உப்பு. 1875இல் செய்தி கிடைத்ததும் ஹக்ஸ்லி தன் தவறைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புக்கொள்ளலை நான் மதிக்கிறேன். எங்கள் இலக்கிய உலகத்தில் அப்படி ஒரு பழக்கம் இருந்தால் எவ்வளவு சண்டை மிஞ்சியிருக்கும்.

அதே கப்பலில் இன்னொரு விவாதமும் நடந்தது. ஆழ்கடல் சேற்றில் குளோபிஜெரினா என்னும் நுண்ணுயிரின் சுண்ண ஓடுகள் மலிந்து கிடந்தன. அது அடியிலேயே வாழ்ந்து அங்கேயே சாகிறதா, மேலே வாழ்ந்து செத்தபின் கீழே விழுகிறதா? பயணத் தலைவர் வைவில் தொம்சன் முதலில் அடியில்தான் வாழ்கிறது என்று எண்ணினார். ஜோன் மரே மேற்பரப்பில் மெல்லிய வலையை இழுத்து, அங்கே உயிரோடு பிடித்துக் காட்டினார். மேலே எந்த வகை மிதக்கிறதோ அதே வகையின் ஓடுதான் அந்த இடத்தின் அடியிலும் கிடந்தது. தொம்சன் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். கடலடிச் சேறு என்பது மேலே வாழ்ந்தவற்றின் மயானம் என்று தெரிந்தது. மேலிருந்து ஓயாமல் ஒரு மழை பெய்துகொண்டிருக்கிறது.

இனிப் பரிசுக்கு வருவோம். கம்பித் துண்டைப் பார்த்த அதே மில்ன்-எத்வார்ஸ் 1880 முதல் 1882 வரை ‘திராவையர்’ என்ற கப்பலிலும், 1883இல் ‘தலிஸ்மான்’ என்ற கப்பலிலும் ஆழ்கடல் ஆய்வுப் பயணங்களை நடத்தினார். திராவையர் என்றால் உழைப்பாளி. அந்தப் பயணங்களில் கிடைத்த நீரும் சேறும் அத்ரியன் செர்த் என்பவரிடம் போயின. செர்த் நிதித்துறை அதிகாரி. நுணுக்குக்காட்டி அவருடைய ஆசை. பஸ்தர் வாழ்ந்த நகரத்தில் பஸ்தரின் பாடத்தை அவர் நன்றாகக் கற்றிருந்தார். காற்றில் இருக்கும் கிருமி கலக்காமல் அந்த மாதிரிகளை வளர்க்கப் பார்த்தார். ஏறத்தாழ எல்லாவற்றிலும் பற்றீரியா வளர்ந்தது. மிக ஆழமான மாதிரி 5100 மீற்றரில் இருந்து வந்தது. 1884இல் பரிஸ் அறிவியல் கழகத்துக்கு அவர் இதை அறிவித்தார். ஆழ்கடல் நுண்ணங்கியியலின் வரலாற்றை எழுதுபவர்கள் அநேகமாக இந்த அறிக்கையில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆனால் செர்த்தின் குடுவை ஒரு சிக்கலான கேள்வியை எழுப்பியது. அந்தப் பற்றீரியா அடியில் வாழும் குடிகளா, அல்லது மரேயின் ஓடுகளைப்போல மேலிருந்து விழுந்து அங்கே உறங்கிக் கிடந்தவையா? பரிஸ் ஆய்வுகூடத்தின் இளஞ்சூட்டில், மேற்பரப்பின் சாதாரண அமுக்கத்தில் அவை வளர்ந்தன என்றால், 5000 மீற்றர் ஆழத்தில், 500 மடங்கு அமுக்கத்தில், குளிரில் அவை என்ன செய்துகொண்டிருந்தன? செர்த் உயர் அமுக்கக் கருவியில் நுண்ணங்கிகளை அடைத்துப் பார்த்தார். சாகவில்லை. அதே ஆண்டுகளில் போல் ரெஞ்யார் என்ற உடலியலாளர் 600, 700 வளிமண்டல அமுக்கத்தில் பால், இறைச்சி போன்றவற்றை அடைத்து வைத்தார். அவை அழுகுவது தாமதமானது. இந்த முடிவை நினைவில் வைத்திருங்கள். எண்பது வருடங்களுக்குப் பிறகு ஒரு மதியச் சாப்பாட்டில் அது திரும்ப வரப்போகிறது.

1968 ஒக்ரோபர் 16. அமெரிக்காவின் ‘அல்வின்’ என்ற ஆய்வு நீர்மூழ்கியைத் தாய்க்கப்பலில் இருந்து இறக்கும்போது கம்பி அறுந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பி வெளியே வந்தார்கள். நீர்மூழ்கி 1500 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்துக்குப் போய்விட்டது. பத்து மாதங்களுக்குப் பிறகு 1969இல் அதை மீட்டபோது, அவர்கள் விட்டுவிட்டு வந்த சாப்பாடு உள்ளே இருந்தது. சாண்ட்விச், அப்பிள், சூப். பாண் ஊறியிருந்தது. மற்றப்படி சாப்பிடக்கூடிய நிலையில் இருந்தன! பிறகு அதே சாப்பாட்டை அதே அளவு குளிரில் ஆய்வுகூடக் குளிர்ப்பெட்டியில் வைத்தபோது, சில கிழமைகளில் பழுதாகிவிட்டது.

ஹோல்கர் யானஷ் என்ற நுண்ணங்கியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1971இல் இதை எழுதினார்கள். பிறகு வேண்டுமென்றே உணவுப் பொருட்களைப் போத்தல்களில் அடைத்து ஆழத்தில் மாதக்கணக்கில் இறக்கி வைத்துப் பார்த்தார்கள். மேலே நடப்பதைவிட அங்கே சிதைவு பத்து மடங்கு முதல் நூறு மடங்குவரை மெதுவாக நடந்தது. சாண்ட்விச்சில் இருந்தவை எங்கள் உலகத்துக் கிருமிகள். அவை அமுக்கத்திலும் குளிரிலும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. ரெஞ்யார் பரிசில் ஓர் உலோகக் குழாய்க்குள் கண்டதைக் கடல் தானே நடத்திக் காட்டியது.

அப்படியானால் ஆழத்துக்குச் சொந்தக் குடிகள் இல்லையா? இருக்கிறார்கள். 1979இல் அரிஸ்டைடீஸ் யயானோஸ் என்பவரின் குழு, 5700 மீற்றர் ஆழத்தில் இருந்து, அமுக்கம் கூடினால்தான் நன்றாக வளரும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தது. மரியானா அகழியில் இருந்து பிறகு கிடைத்த ஒன்று மேற்பரப்பு அமுக்கத்தில் வளரவே மாட்டாது என்றது. எனவே செர்த்தின் கேள்விக்கு விடை: இரண்டும் உண்மை. விழுந்து கிடப்பவையும் உண்டு, அங்கேயே பிறந்து வளர்பவையும் உண்டு.

மேலிருந்து பெய்யும் அந்த மழையைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1950களில் அதற்கு ‘கடற்பனி’ என்று பெயர் வைத்தார்கள். நீர்மூழ்கியின் வெளிச்சத்தில் பார்த்தால் சார்செல்லில் பனி கொட்டுவது போலத்தான் இருக்குமாம். அதில் இருப்பது செத்த பாசி, இறால் இனத்துச் சிறு உயிர்களின் மலம், சளி, ஓடு, தூசு. ஒரு நாளைக்குச் சில பத்து மீற்றரில் இருந்து நூறு மீற்றருக்கு மேல்வரை அது இறங்கும். இறங்கும் வழியெல்லாம் பற்றீரியா அதைத் தின்றுகொண்டே வரும். மேலே ஒளித்தொகுப்பால் உருவானதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் ஆழ்கடல் அடிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த ஒரு பங்கை நம்பித்தான் பூமியின் பாதிக்கு மேற்பட்ட பரப்பு வாழ்கிறது.

மேலே பருவம் மாறினால் அடியிலும் மாறுகிறது. 1980களின் தொடக்கத்தில் வடகிழக்கு அத்திலாந்திக்கில் கடலடியில் கமெராவை வைத்துப் பார்த்தவர்கள், மேலே வசந்த காலத்தில் பாசி மலர்ந்து சில கிழமைகளில் அடியில் பச்சைத் தும்பு படிவதைக் கண்டார்கள். எங்கள் கடலிலும் இது உண்டு. கோவாவில் உள்ள இந்தியத் தேசியக் கடலியல் நிறுவனமும் ஹம்பேர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1986 முதல் அரபிக் கடலில், புனல் வடிவப் பொறிகளை ஆழத்தில் கட்டித் தொங்கவிட்டன. விழும் பனியைக் குறித்த நாள் இடைவெளியில் தனித்தனிக் கிண்ணங்களில் அவை ஏந்தும். 1989இல் முடிவு வெளியானது. வருடத்தில் இரண்டு தடவை மழை கூடியிருந்தது. ஒன்று தென்மேற்குப் பருவக்காற்றில், மற்றது வடகிழக்குப் பருவக்காற்றில். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் சோழகம் என்றும் வாடை என்றும் சொல்லி எங்கள் தொழிலாளிகள் வள்ளம் இறக்குவதையும் வலை மாற்றுவதையும் தீர்மானித்த அதே காற்றுகள். வெளிச்சமே எட்டாத இடத்தில் வாழும் ஒரு பற்றீரியாவுக்கும் சோழகம் பெயர்ந்த செய்தி போய்ச் சேர்கிறது.

கொடுக்கல் வாங்கல் ஒருவழியாக நடக்கவில்லை. விழுந்ததைப் பற்றீரியா சிதைக்கும்போது அதில் இருந்த நைத்திரேற்றும் பொசுபேற்றும் நீரில் கரைகின்றன. சோழகம் வீசும் காலத்தில் இலங்கையின் தெற்குக் கரையிலும் கேரளக் கரையிலும் நூறு, இருநூறு மீற்றர் ஆழத்து நீர் மேலே கிளம்புகிறது. அந்த உரத்தில் பாசி வளர, பாசியில் சாளையும் சூடையும் வளர்கின்றன. மிக ஆழத்தில் கரைந்தது திரும்பி வரப் பல நூற்றாண்டுகள் எடுக்கும். ஆனால் வரும். கணக்கில் எதுவும் தள்ளுபடி ஆவதில்லை.

1977இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகில், சுமார் 2500 மீற்றர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அதே அல்வின்தான் போனது. அங்கே பற்றீரியா ஐதரசன் சல்பைட்டில் இருந்து சக்தி எடுத்து உணவு செய்கிறது. அதை நம்பி ஆளுயரப் புழுக்கள் வாழ்கின்றன. சூரியன் தேவையில்லாத உலகம் என்று பத்திரிகைகள் எழுதின. பெரும்பாலும் சரி, ஆனால் முழுதும் சரியில்லை. அந்தப் பற்றீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை சல்பைட்டை எரிக்க நீரில் கரைந்த ஒட்சிசனைப் பயன்படுத்துகின்றன. அந்த ஒட்சிசன் எங்கிருந்து வந்தது? மேலே வெளிச்சத்தில் ஒளித்தொகுப்பு செய்த உயிர்களிடம் இருந்து.

கடைசியாக ஒரு புதிய ஆய்வு. 2010இல் புறப்பட்ட ‘மலஸ்பினா’ என்ற ஸ்பானியக் கடற்பயணம் அத்திலாந்திக், பசுபிக், இந்து சமுத்திரங்களில் மேற்பரப்பில் இருந்து 4000 மீற்றர்வரை நீர் எடுத்தது. அதன் மரபணுத் தரவுகள் பற்றிய கட்டுரை ஒன்று 2018இல் வந்தது. ஆழத்தில் மிக அதிகமாக இருக்கும் நுண்ணங்கி வகைகளில் பெரும்பாலானவை மேற்பரப்பிலும் காணப்பட்டன. பனித் துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு அவை இறங்கியிருக்கின்றன. மேலே சிறுபான்மையாக இருந்தவை கீழே போய்ப் பெருகியும் இருக்கின்றன. புலம்பெயர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் ஏன் சொன்னேன்? சிதைவு மெதுவாக நடக்கும் இடத்தில், மேலோடு நூல் அறாத இடத்தில், மனிதர் என்ன செய்தார்கள் என்பதுதான் மிச்சக் கதை. 1946 முதல் 1990 வரையான காலத்தில் ஐரோப்பிய நாடுகள் வடகிழக்கு அத்திலாந்திக்கின் ஆழத்தில் 200,000க்கும் மேற்பட்ட பீப்பாய்களில் கதிரியக்கக் கழிவைப் போட்டன. பிரான்சும் 1967, 1969 ஆகிய ஆண்டுகளில் போட்டது. அல்வினின் சாப்பாடு அடியில் பழுதாகாமல் காத்திருந்த அதே 1969. தெரிவு செய்த இடம் 4000 மீற்றருக்கும் ஆழமானது, மனித வாழ்க்கைக்குத் தொடர்பில்லாதது என்று நினைத்தார்கள். ஃபோர்ப்ஸின் கணக்கை மில்ன்-எத்வார்ஸ் பரிசில் முறியடித்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகியும், நிர்வாகத்தின் மனதில் அது உயிரோடு இருந்திருக்கிறது. எல்லாவகைக் கதிரியக்கக் கழிவையும் கடலில் கொட்டுவதைத் தடுக்கும் சர்வதேச முடிவு 1993இல்தான் வந்தது. 2025 கோடையில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ‘அத்தலாந்த்’ என்ற கப்பலில் போய் அந்தப் பீப்பாய்களைத் தேடி, 3000க்கும் மேற்பட்டவற்றின் இடத்தைக் குறித்து வந்தார்கள். போட்டவர்கள் மறந்ததை இவர்கள் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்.

அதே ஆண்டு ஓகஸ்டில், பிரான்சின் ‘நொத்தில்’ நீர்மூழ்கியில் இந்திய ஆய்வாளர்கள் அத்திலாந்திக்கில் 5002 மீற்றர்வரை இறங்கினார்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கிக்கான பயிற்சி அது. செர்த்தின் சேறு வந்த 5100 மீற்றருக்கு மிக அருகே மனிதரே போய்விட்டார்கள். இந்து சமுத்திரத்தின் அடியில் கிடக்கும் உலோகக் கட்டிகளை அள்ளும் திட்டங்களும் இதனோடு பேசப்படுகின்றன. அந்தக் கட்டி ஒன்று சில மில்லிமீற்றர் வளர்வதற்குப் பத்து இலட்சம் வருடங்கள் ஆகும். மெதுவாக நடக்கும் இடத்தில் காயமும் மெதுவாகத்தான் ஆறும். அள்ளவேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று யாராவது சொல்லித் தொடங்கினால், அந்த வசனத்துக்கு எப்படிப்பட்ட வரலாறு இருக்கிறது என்று கேட்கும் உரிமை எங்கள் எல்லோருக்கும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால், கார்ஜ்-சார்செல் நிலையத்தில் ரயில் ஏறி கார் து நோரில் இறங்குங்கள். வழமைபோல லா சப்பல் பக்கம் மரக்கறிக்கும் மீனுக்கும் நடந்துவிடாமல், ஐந்தாம் இலக்க மெட்ரோவில் ஓஸ்தர்லிட்ஸ் வரை போங்கள். எதிரிலேயே மில்ன்-எத்வார்ஸ் வேலைசெய்த அருங்காட்சியகத் தோட்டம். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் பஸ்தரைப் படிப்பார்கள். செர்த்தை நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். திரும்பி வரும்போது மீன் வாங்கலாம். அந்த மீனின் உடம்பில் சேர்ந்த உரம் எந்த ஆழத்தில், எந்தப் பற்றீரியா கரைத்துவிட்டது என்று வீட்டில் ஒரு பேச்சு நடக்கட்டும்.